பல் மேல் ஒரு நட்சத்திரம்

டாக்டர்: நான் கேட்டது என்ன, நீங்க வாசல்ல மாட்டியிருக்கறது என்ன?

போர்டுக்காரர்: பல் மருத்துவமனைன்னு கேட்டீங்க, பல் மருத்துவமனைன்னுதான் போட்டிருக்கேன். பிழை இருந்தா சொல்லுங்க டாக்டர்.

டாக்டர்: பிழை இல்லண்ணே, கொழுப்பு. ஒவ்வொரு எழுத்தும் தொப்பையைத் தள்ளிட்டு நிக்குது. அடியில பூட்ஸ் போட்ட மாதிரி பாதம் வேற.

போர்டுக்காரர்: அது பழைய சர்க்கஸ் போஸ்டர் எழுத்து. பாதம் இருந்தாத்தான் எழுத்து ஊன்றி நிக்கும். தெருக்கோடியில இருந்தே…

டாக்டர்: தெருக்கோடியில இருந்து ஒருத்தர் ஓடி வந்தாரு. நாலு டிக்கெட் வேணுமாம். முன் வரிசையாம்.

போர்டுக்காரர்: பாத்தீங்களா, எடுபடுது.

டாக்டர்: 'ல்' மேல ஒரு புள்ளி வைக்கணும். அங்க எதுக்கு நட்சத்திரம்?

போர்டுக்காரர்: புள்ளி மொட்டையா இருந்துச்சு…

டாக்டர்: என் மாமியார் காலையில அண்ணாந்து பாத்துட்டு, "கரடி எத்தனை மணிக்கு சைக்கிள் ஓட்டும்"னு கேட்டுட்டுப் போறாங்க.

போர்டுக்காரர்: ரசனை உள்ளவங்க.

டாக்டர்: ஆமா, நீங்க ஏன் வாயைத் திறக்காமலே பேசறீங்க?

போர்டுக்காரர்: மரியாதைதான்.

டாக்டர்: வெள்ளையில கறுப்பு, ஒல்லியா, அடக்கமா. என் பழைய போர்டு மாதிரியே வேணும்னு எழுதிக் குடுத்தேனா இல்லையா?

போர்டுக்காரர்: குடுத்தீங்க. அடிச்சும் பாத்தேன். ஒல்லியா, கூரா, வரிசையா… ஊசியை அடுக்கி வெச்ச மாதிரி. வேர்த்துக் கொட்டிடுச்சு.

டாக்டர்: யாருக்கு?

போர்டுக்காரர்: பொதுவா… பாக்கறவங்களுக்கு.

டாக்டர்: சரி, கழட்டுங்க.

போர்டுக்காரர்: ஏணி கொண்டு வரலையே.

டாக்டர்: பின் ரூம்ல இருக்கு.

போர்டுக்காரர்: மேல ஏறினா தலை சுத்துது. நாளைக்கு…

டாக்டர்: அப்ப உக்காருங்க.

போர்டுக்காரர்: அந்தச் சாயற நாற்காலியிலயா? பரவாயில்ல, நின்னுக்கறேன். வெளிய ஆறு நாற்காலி இருக்குமே…

டாக்டர்: ஆறுலயும் ஆள் இருக்கு.

போர்டுக்காரர்: போர்டைப் பாத்து வந்தவங்களா?

டாக்டர்: பேச்சை மாத்தாதீங்க. யாரைக் கேட்டு எழுத்தை மாத்தினீங்க?

போர்டுக்காரர்: பின் ரூம்ல ஏணின்னீங்களே, எடுத்துட்டு வரவா?

டாக்டர்: அண்ணே.

போர்டுக்காரர்: யாரையும் கேக்கல. மூணு மாசமா கடைவாய்ப்பல் உயிரை வாங்குது. ஒரு பக்கமாத்தான் சாப்பிடறேன், ஒரு பக்கமாத்தான் படுக்கறேன். உங்க வாசலுக்கு வருவேன், பழைய போர்டைப் படிச்சதும் கால் தானா திரும்பிடும். சின்ன வயசுல சர்க்கஸ் போஸ்டரைப் பாத்துட்டு நான் உள்ள போகாம இருந்ததே இல்ல டாக்டர். அந்த எழுத்துல போட்டா நானும் எப்படியாவது உள்ள வந்துடுவேன்னு… நேத்தும் வந்தேன். வாசல் வரைக்கும்தான்.

டாக்டர்: தெரியும். மூணு மாசமா ஜன்னல் வழியா பாத்துட்டுத்தான் இருக்கேன். போர்டு அங்கயே இருக்கட்டும், அதுல ஒரு குறையும் இல்ல. வைத்தியம் பாக்கக் கூப்பிட்டா ஓடிடுவீங்க… திட்டறதுக்குன்னு கூப்பிட்டதும் வந்துட்டீங்க பாருங்க. சாஞ்சுக்கங்க. ம்… ஆ காட்டுங்க.