அவள் சார்பில்

நாற்காலி வேண்டாம், நின்றபடியே சொல்கிறேன். சாய்ந்து உட்கார்ந்து பேசுவது எங்கள் குடும்பத்தில் பழக்கமில்லை. என் அப்பா காய்ச்சலில் கிடந்தபோதுகூட நேராகத்தான் கிடந்தார்.

நீங்கள் காவல்துறை ஆய்வாளர். கேட்பது உங்கள் வேலை. நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன். கூண்டில் நிற்பவர் தன் மொழியில் சொல்வதை நீதிபதிக்குப் புரியும் மொழியில் சொல்வேன். 'நான்தான் திருடினேன்' என்று எத்தனை பேருக்காக என் வாயால் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? சொந்தமாக ஒரு சொல் சேர்த்ததில்லை. ஆகவே, என் மனைவிக்காகப் பேச என்னைவிடத் தகுந்த ஆள் இந்த ஊரில் கிடையாது என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அவளுக்கு ஒன்றுமில்லை. சாப்பாடு இறங்கவில்லை, பேச்சு குறைந்தது, அவ்வளவுதான். ஒரு நாள் காலை வெளிக்கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எதிர்வீட்டுப் பல் மருத்துவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், வீட்ல ஏதாவது பிரச்சினையா?"

"கண்ணுல தூசி."

"ஒரு மணி நேரமாவா சார்?"

அன்றே அவளை மாடியறைக்கு மாற்றினேன். நல்ல காற்றோட்டமான அறை. தாழ்ப்பாளை வெளிப்பக்கம் பொருத்தியது, காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக.

வெளியூரில் இருக்கும் என் மகன் சொன்ன பேச்சைக் கேட்கிறவன் இல்லை. "அம்மா போன்ல மூச்சு மட்டும்தாம்பா விடுறாங்க" என்று சொல்லி, பெரிய மருத்துவமனையின் முதியோர் மனநலப் பிரிவில் அவள் பெயரைப் பதிந்துவிட்டான். எங்கள் பரம்பரையில் அந்தச் சொல்லே கிடையாது. என் பெரியப்பா கடைசி ஒன்பது வருடம் சுவர்க்கடிகாரத்தோடு வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார். அவரைக்கூட நாங்கள் சிந்தனையாளர் என்றுதான் சொன்னோம்.

செவ்வாய்தோறும் பதினொரு மணிக்கு, ஆலோசகர் என்று ஒரு பெண் அழைத்தாள். குரலில் மரியாதை இருந்தது.

"அம்மாகிட்ட போனைக் கொடுங்க ஐயா."

அவளுக்குக் காது மந்தம், நான் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். எல்லாம் நன்றாகவே இருக்கிறது என்றும் சொன்னேன்.

"அப்படின்னா நேர்ல வந்து ஒரு தடவை பார்த்துட்டு முடிச்சுக்கறோம் ஐயா. எங்க வண்டியிலயே வந்துடுறோம்."

அந்த வண்டியை நான் பார்த்திருக்கிறேன். 'முதியோர் மனநலப் பிரிவு' என்று கிட்டப்பார்வைக்காரனுக்கும் தெரியும் அளவில் பக்கவாட்டில் எழுதியிருக்கும். அது பல் மருத்துவரின் கண் முன்னால் என் வாசலில் நிற்பதா? எனவே, வர வேண்டாம், போனிலேயே சரியாகக்கூடிய அளவுக்குக் கொஞ்சம் வருத்தம் இருக்கிறது என்றேன்.

"என்ன வருத்தம்னு கேட்டுச் சொல்லுங்க ஐயா."

கைபேசியோடு மாடி ஏறினேன். கதவருகே முறைப்படி அரை நிமிடம் நின்றேன். பொய் சொல்வது எங்கள் பழக்கமில்லை என்பதால், கைவசம் இருந்த உண்மையைச் சொன்னேன். விடியுமுன்பே விழிப்பு வந்துவிடுகிறது. யாரும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்பதில்லை. சவரம் செய்யும்போது காரணமில்லாமல் கண் நிறைகிறது.

"சவரமா ஐயா?"

"முகம் கழுவும்போது."

"சரி. அப்புறம் என்ன தோணுதாம்?"

நீதிமன்றத்திலும் 'அப்புறம்' என்று கேட்பார்கள், சாட்சியைக் கேட்பார்கள். என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அதாவது, அவளைக் கேட்டது.

தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும், பழைய நண்பர் ஒருவரோடு பேச வேண்டும், அன்று நடந்த நல்லது மூன்றை எழுத வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னாள். என் மனைவி அறையில் இருந்ததால், அவள் சார்பில் நான் நடந்தேன். அவள் சார்பில் எனக்கு நன்றாகப் பசித்தது. அவள் சார்பில் ஆறரை மணி வரை தூங்கினேன். வாராவாரம் கேள்வி கேட்டு அந்தப் பெண் போட்ட துயர மதிப்பெண், இருபத்தொன்றிலிருந்து பத்து மாதத்தில் நான்குக்கு இறங்கியது. மாடியில் கதவு தட்டும் சத்தமும் ஏறக்குறைய அதே வேகத்தில் குறைந்துவந்தது. இரண்டையும் முன்னேற்றம் என்றே எடுத்துக்கொண்டேன்.

பிறகுதான் அந்த அழைப்பு வந்தது.

"ஐயா, இந்த வருஷம் தேறினவங்கள்ல நம்ம அம்மாதான் முதலிடம். பாராட்டுப் பத்திரத்தை வீட்டுக்கே வந்து கொடுக்கலாமா?"

முதலிடத்தை எங்கள் குடும்பத்தில் யாரும் மறுத்ததில்லை. வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தேன்.

அவளைக் குளிப்பாட்டி, தலை வாரி, புதுப் புடவை கட்டிவிட்டேன். அது இரண்டு சுற்று அதிகமாக வந்தது. ஊக்குக் குத்திச் சரிசெய்தேன். முப்பத்தொரு கிலோ என்று பிற்பாடு மருத்துவமனையில் நிறுத்துச் சொன்னார்கள். இருக்கலாம். படியில் தூக்கி வந்தபோது எனக்குச் சிரமமாக இல்லை.

பத்திரத்தை நீட்டிய அந்தப் பெண்ணின் கை பாதியில் நின்றது. அப்படியே தரையில் மண்டியிட்டாள்.

"அம்மா, நான்தாம்மா. செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை பேசுவோமே."

என் மனைவி அவளை நெடுநேரம் பார்த்தாள்.

"நீதானாம்மா அது? கதவுக்கு வெளியில நின்னு உன்கிட்டதான் பேசுவாரா? எனக்கும் ஒரு தடவை குடுங்க, ஒரே ஒரு தடவைன்னு கேட்டுப் பார்த்தேம்மா. இவருக்கு அன்னிக்கெல்லாம் பேச நிறைய இருந்துச்சு."

காது மந்தம் என்று நான் சொன்னது சரியான சொல் அல்ல. அதைத் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்.

வண்டி வாசல்வரை வந்துதான் அவளை ஏற்றிக்கொண்டு போயிற்று. தெருவே பார்த்தது. எங்கள் குடும்பத்துக்கு நடந்த கொடுமை என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஆனால் அதற்கு உங்களிடம் சட்டப் பிரிவு எதுவும் இல்லை என்கிறீர்கள்.

மற்றவற்றை மறுக்கவில்லை. பதினோரு மாதம் அவளைப் பூட்டி வைத்தது நான். அவளுக்கென்று வந்த நாற்பத்தேழு அழைப்புகளையும் எடுத்துப் பேசியது நான். 'தேறினது நீங்கதான் ஐயா' என்று அந்தப் பெண் அழுதுகொண்டே சொன்னாள். அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். தேறுவதற்கு எனக்கு என்ன வந்தது?

கையெழுத்துப் போடத் தயார். ஒரு வேண்டுகோள் மட்டும். நேற்று செவ்வாய், பன்னிரண்டு மணிவரை பார்த்தேன், அழைப்பு வரவில்லை. அதை நிறுத்திவிட வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் என் மனைவி ரொம்பவும் தனியாகிவிடுவாள்.