கதவுக்குள் கம்பளி

இரவு எட்டேகால் மணி. பூப்பாறையிலிருந்து உடும்பஞ்சோலைக்குப் போகும் சாலை. இரண்டு பக்கமும் ஏலத்தோட்டம். பனி வந்து கண்ணாடியில் ஒட்டுகிறது. எதிரே ஒரு வண்டி இல்லை...

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். என்னால் சத்தமாகச் சொல்ல முடியாது.

காரை ஓட்டியவர் ராஜசேகர். என்னோடு பி.எஸ்ஸி. படித்த கற்பகத்தின் அக்கா புருஷன். பக்கத்தில் அக்கா மாரீஸ்வரி. ஏழு மாதக் கர்ப்பிணி. காரோடு வந்த ஸ்டீரியோ ராஜசேகருக்குப் போதவில்லை. பாட்டுப் போட்டால் ஊரே திரும்பிப் பார்க்க வேண்டும். ஆனால் செலவும் ஆகக் கூடாது. இந்த இரண்டு ஆசையும் ஒரே மண்டைக்குள் இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் கதை.

நெடுங்கண்டத்தில் ஜோபி என்பவர் கடையில் பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் நான்கு ஸ்பீக்கர்களும் வாங்கினார். பெட்டியில் ஆயிரம் வாட் என்று அச்சடித்திருந்தது. ஐம்பது இருந்தால் அதிகம். அவர் ஆயிரத்தை நம்பினார்.

“சேட்டா, டோருக்குள்ள டாம்பிங் ஷீட் ஒட்டணும். இல்லேன்னா தகரம் அதிரும், கும்முன்னு பாஸ் வராது” என்றார் ஜோபி.

“தகரத்துக்குச் சட்டை தைக்கச் சொல்லுதியா? அத நான் பாத்துக்கிடுதேன்.”

பார்த்துக்கொண்டார்.

அவர்கள் குடியிருந்த ஏல எஸ்டேட்டில் தொழிலாளிகளுக்குக் கம்பெனி கம்பளி கொடுக்கும். நல்ல கனம். ஆள் செத்தால் அவர் கம்பளியைக் குழிமேல் விரித்து, நான்கு முனையிலும் கல் வைப்பார்கள். பதினாறு நாள் யாரும் தொட மாட்டார்கள். மலையில் அவ்வளவு குளிர். அந்த வாரம்தான் சங்கையா என்ற கிழவரைப் புதைத்திருந்தார்கள். முப்பது வருடம் ஏலத்துக்கு மருந்தடித்து, இருமி இருமிச் செத்தவர். நான்காம் நாள் ராஜசேகர் போய்க் கல்லை உருட்டிவிட்டுக் கம்பளியை எடுத்து வந்தார். நான்காகக் கத்தரித்தார். கதவுக்கு ஒன்றாகப் பசை போட்டு ஒட்டினார். யாரிடமும் சொல்லவில்லை.

பாஸ் பிரமாதமாக இருந்தது. அதை மட்டும் எல்லாரிடமும் சொன்னார்.

நான் முதலில் சொன்ன அந்த இரவு, காருக்குள் முதலில் வாடை வந்தது. நனைந்த கம்பளி... மருந்து... பச்சை மண். பிறகு இடது கதவு ஸ்பீக்கரில் ஓர் இருமல்.

“எர்த் சரியில்ல” என்றார்.

எர்த் சரியில்லை என்றால் ஸ்பீக்கரில் இரைச்சல் வரும், இருமல் வராது. அந்த இரைச்சலும் இன்ஜினோடு ஏறும், இன்ஜினோடு நிற்கும். அவர் பாட்டை நிறுத்தினார். இருமல் வந்தது. இன்ஜினை நிறுத்தினார்...

இருமல் வந்தது.

மாரீஸ்வரிக்குப் பல் கிட்டியது. “ஏங்க, கதவு ஐஸா இருக்கு. வயித்துல புள்ள அசையவே மாட்டேங்கு. இது சங்கையா தாத்தா இருமலுல்லா? கதவுக்குள்ள என்னத்த வச்சீங்க?”

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். “செத்தவனுக்கு என்ன குளிரு? ஏய், சும்மா கெட.” பாட்டைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினார்.

காலையிலும் குழந்தை அசையவில்லை. ஆஸ்பத்திரியில், துடிப்பு குறைவாக இருக்கிறது, நாளை மறுபடி வாருங்கள் என்றார்கள். மாரீஸ்வரி வீட்டுக்கு வந்து, ஸ்க்ரூ டிரைவர் எடுத்து நான்கு கதவின் உள்மூடியையும் தானே கழற்றினாள். கோணி ஊசியால் கம்பளித் துண்டுகளை ஒன்றாகத் தைத்தாள்.

“கொண்டுபோய்ப் போத்திட்டு வாங்க. இல்லைன்னா நான் எங்கப்பா வீட்டுக்குப் போறேன். காரும் வரும்.”

கார் அவள் அப்பா கொடுத்தது. அதனால்தான் கிளம்பினார்.

இருட்டியிருந்தது. இடுகாட்டுக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு, டார்ச்சோடு உள்ளே போனார். மாரீஸ்வரி காருக்குள் இருந்தாள். வெளிச்சம் குனிந்தது. அணைந்தது.

நெடுநேரம் ஒன்றுமில்லை...

வயிற்றில் குழந்தை உதைத்தது. ஒருமுறை. மறுபடி. அவள் அழுதுவிட்டாள்.

காலடிச் சத்தம் வந்தது. டார்ச் இல்லை. அவர் காரைச் சுற்றி வந்து, அவள் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

“குளிருதா தாயி?”

கல்யாணமாகி ஆறு வருடம். ராஜசேகர் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. அவர் முகம்தான். அவர் சட்டைதான். ஸ்டீயரிங்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “எனக்கு இதெல்லாம் ஓட்டத் தெரியாதே” என்றார்.

இருவரும் நடந்தே வீடு போனார்கள். அவள் நடைக்கு ஏற்றபடி மெதுவாக நடந்தாராம்.

குழந்தைக்கு இப்போது எட்டு மாதம். அவர்தான் குளிப்பாட்டுகிறார். மாரீஸ்வரிக்குச் சூடாகக் காபி போட்டுக் கொடுக்கிறார். “அக்கா, அது யாரு?” என்று கற்பகம் ஒருமுறை கேட்டிருக்கிறாள். அக்கா குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

மழை விட்ட இரவுகளில் இடுகாட்டுப் பக்கமிருந்து ஒரு குரல் வருமாம். மண்ணுக்கு அடியிலிருந்து... “ஏய்... ஏய்...” என்று, ராஜசேகர் அவளை அதட்டுகிற அதே குரலில்.

மாரீஸ்வரி எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு, வந்து படுத்துக்கொள்வாளாம்.