ஐந்தாவது அடுக்கு

உலகத்தில் வைரஸ் நுழைய முடியாத கம்பெனி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது எங்கள் அட்டைப்பெட்டிக் கம்பெனி. பெருமைக்காகச் சொல்லவில்லை. கணினிப் பிரிவின் பொறுப்பாளன் என்ற முறையில் ஒரு தகவலாகச் சொல்கிறேன்.

நான்கு அடுக்குப் பாதுகாப்பு. இணையம் உள்ளே வரும் வாசலில் ஒன்று, மெயில்களைச் சலித்தெடுக்கும் வடிகட்டி ஒன்று, சர்வரில் ஒன்று, ஒவ்வொருவர் மேசைக் கணினியிலும் ஒன்று. ஒன்று கோட்டைவிட்டால் அடுத்தது பிடித்துக்கொள்ளும். எல்லாம் என் கைவண்ணம்.

கணக்குப் பிரிவு அக்காவுக்கு மட்டும் இந்த நான்கும் போதவில்லை. மெயிலில் எந்த இணைப்பு வந்தாலும், அனுப்பியவரை போனில் கூப்பிட்டு, "நீங்கதான் அனுப்பினீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் திறப்பார். பக்கத்து நாற்காலிக் காசாளர் அனுப்பினாலும் போன்தான்.

"ஏன்க்கா, வீட்டுல மாமா கதவைத் தட்டினாலும் போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் தொறப்பீங்களா?"

"அந்த ஆளை எந்த அடுக்கு வெச்சும் நிறுத்த முடியாது தம்பி."

அவருக்கு 'ஐந்தாவது அடுக்கு' என்று பெயர் வைத்தேன். ஆபீஸே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தது. அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார்.

என் கணினியில் மட்டும் காவல் கிடையாது. சோதனை ஓடினால் அது ஆமையாகிவிடும். வேலை செய்கிறவனுக்குச் சரிப்படாது. வாசலும் வடிகட்டியும்கூட என் முகவரியைக் கண்டால் ஒதுங்கி வழிவிடும்படி வைத்திருந்தேன். காவல்காரனையே சோதனை போடுவது மரியாதையாக இருக்காது.

போன மாதம் ஒரு மெயில் வந்தது. ஆண்டின் சிறந்த கணினிப் பாதுகாப்பு வல்லுநராக என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம், சான்றிதழ் இணைப்பில். எனக்கு ஆச்சரியமாக இல்லை. இவ்வளவு தாமதமாகவா என்றுதான் பட்டது. திறந்தேன். வெறும் வெள்ளைப் பக்கம். கவனக்குறைவான ஆட்கள் என்று நினைத்துக்கொண்டு சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தால் கணக்குப் பிரிவில் கூட்டம். கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டோம், பணம் கட்டினால்தான் திறப்போம் என்று அக்காவின் திரை மிரட்டிக்கொண்டிருந்தது. பிறகு வரிசையாக மற்ற திரைகள். என் கணினி ஏவினால் மற்றவை சோதனையில்லாமல், மறுபேச்சில்லாமல் கேட்கும். அப்படிப் பழக்கியவன் நான். வரிசையில் முதலாவது கணக்குப் பிரிவு.

"யாரோடதுல ஆரம்பிச்சது?" என்றார் முதலாளி.

"முதல்ல பூட்டிக்கிட்டது அக்காவோடதுதான் சார்."

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை, நீங்களே பாருங்கள். பிறகு என் கணினியைச் சுத்தமாகத் துடைத்து, எனக்கு நானே கொடுத்திருந்த சலுகைகளை எடுத்துவிட்டேன். நான்கு அடுக்கும் உண்மையில் முழுமையானது அன்றுதான்.

அக்கா என் மேசைக்கு வந்தார். "கேக்காம நான் எதையும் தொறக்க மாட்டேனே தம்பி. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அவர் சம்பளத்தில்தான் அந்த வீடு ஓடுகிறது என்பதும் தெரியும்.

"வேலை அவசரத்துல மறந்திருப்பீங்க அக்கா," என்றேன். மென்மையாகத்தான் சொன்னேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். "அப்படியும் இருக்கும். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

முதலாளியிடம் அவரே போய் ஒப்புக்கொண்டார். வேலை போயிற்று. பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது என்னிடம் வந்து, "உங்க உழைப்பையெல்லாம் கெடுத்துட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். நான் வைத்துக்கொள்ளவில்லை என்றேன்.

நேற்று அவரிடமிருந்து ஒரு மெயில். வேறு இடத்தில் வேலைக்கு முயல்கிறாராம், விண்ணப்பம் இணைப்பில், நான் ஒரு நல்ல வார்த்தை எழுதிக்கொடுத்தால் உதவியாக இருக்குமாம்.

வாசல் சரி என்றது. வடிகட்டி சரி என்றது. மற்ற இரண்டும் சரி என்றன. என் விரல் மட்டும் நகரவில்லை. அறைக் கதவைச் சாத்திவிட்டு அவருக்குப் போன் போட்டேன்.

"அக்கா, இந்த மெயில் நீங்கதான் அனுப்பினீங்களா?"

கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். செய்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"அனுப்பின மாதிரிதான் ஞாபகம் தம்பி," என்றார். "எதுக்கும் இருங்க, பாத்துட்டு வந்து சொல்றேன். இப்பல்லாம் என்னையே என்னால நம்ப முடியலை."

அவர் திரும்பி வரும்வரை, அன்றைக்குத் திறந்தது யார் என்று சொல்வதற்கு வேண்டிய வாக்கியத்தைத் தயார்செய்ய எனக்குத் தாராளமாக நேரம் இருந்தது. தயார்செய்தும் வைத்தேன்.

"நான்தான் தம்பி. பயப்படாம தொறங்க."

நன்றி சொல்லிவிட்டுத் திறந்தேன்.