தொடாமலே நோயறிந்த தனுஷ்கோடி ஐயாவுக்கு

மருத்துவ மாமணியே! திரையிலே திருமருத்துவம் கண்ட தீரரே! கருவேலங்காட்டு நடுவே கணினியால் கல்வி வளர்த்த காவலரே! பொது மருத்துவத் துறைத் தலைவர் பேராசிரியர் தனுஷ்கோடி ஐயா அவர்களே! வணக்கம்.

நோயாளியைத் தொடாமலே நோயறியலாம் என்று இம்மண்ணில் முதன்முதலாக நிலைநாட்டியவர் தாங்கள். அந்தச் சாதனை சென்ற கார்த்திகையில் தங்கள் உயிரையே கொண்டுபோகப் பார்த்தது என்பதையும் தாங்கள் பணி ஓய்வு பெறும் இந்த நன்னாளில் சொல்லத்தான் வேண்டும்.

வார்டில் கட்டிலைச் சுற்றி நின்று படித்த மாணவரைத் தாங்கள், திரையில் கற்பனை நோயாளியைத் தொட்டு நோயறியும் ஆன்லைன் கேஸுக்கு அழைத்துச் சென்றீர்கள். மல்லாங்கிணறு பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே, செல்போனில் கல்லீரலை அழுத்திப் பார்த்து, இறங்குமிடம் வருவதற்குள் நோயைச் சொல்லிவிடும் தலைமுறையை உருவாக்கினீர்கள். விருது வந்தது, சால்வை வந்தது, வார்டு வகுப்பு நின்றது.

தங்கள் முதல் கேஸை மறக்க முடியுமா! பரளச்சியில் ஆடு மேய்க்கும் ஜக்கம்மாளுக்கு விடாத காய்ச்சல். திரையில் அவர் இடுப்பில் விரல் வைத்தால் பாவாடை நாடா விலகும்; அடியில் உண்ணி கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு தெரியும்; உண்ணிக் காய்ச்சல் என்று விடை எழுதினால் கைதட்டல் கேட்கும். அதில் நூற்றுக்கு நூறு வாங்காத மாணவரே இல்லை.

ஓய்வுக்காலத்துக்கென்று வாங்கிய மனையில் புதர் வெட்டுவதை மேற்பார்வையிட்டு வந்த தங்களுக்கும் காய்ச்சல் கண்டது. நூற்றுக்கு நூறு வாங்கியவர்களில் ஒருவரான பயிற்சி மருத்துவர் ஸ்ருதி கட்டிலருகே வந்தார். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார். துறைத் தலைவரின் வேட்டியைத் தளர்த்தச் சொல்லத்தான் வாய் வரவில்லை. துறை மருத்துவர்களான எங்களுக்கு மட்டும் வந்ததா? பயபக்தியோடு சுற்றி நின்று ரத்தப் பரிசோதனைகளாக எழுதித் தள்ளினோம். தங்களுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது.

தங்கள் துணைவியார் பொறுக்கமாட்டாமல், “ஏம்மா, கேள்வியாக் கேட்டுக்கிட்டே இருக்கீகளே, ஒரு தடவ தொட்டுப் பாத்தா கை தேஞ்சா போயிரும்?” என்றார். ஸ்ருதி தங்கள் நாடியைப் பிடித்தார். கை அதற்கு மேல் போகவில்லை.

ஸ்கேன் அறையில் மெஷினை இயக்கும் ராஜபாண்டி, “ஐயா, இடுப்புல வெள்ளி அரைஞாண் கெடக்கு. கழட்டுனாத்தான் மெஷினுக்குள்ள விடமுடியும்” என்றார். கழற்றியபோது அடியில் இருந்தது பொருக்கு. ஜக்கம்மாளுக்கு இருந்த அதே இடம். மாத்திரை விழுங்கினீர்கள், இரண்டே நாளில் எழுந்து உட்கார்ந்தீர்கள்.

அன்று ஸ்ருதி அழுதார். “சார், வார்டு கிளாஸத் திருப்பிக் குடுங்க சார். எனக்குத் தொட்டுப் பாக்கவே தெரியல. அடுத்த மாசம் நரிக்குடி ஆஸ்பத்திரில தனியா நிக்கப் போறேன்.”

தாங்கள் பரிவே உருவாகச் சொன்னீர்கள்: “அழாதம்மா. இதையும் ஒரு கேஸா ஏத்திருவோம்.”

ஏற்றியும் விட்டீர்கள். அதில் பணியிலிருந்த மருத்துவர், பார்த்தவுடனே பொருக்கைக் கண்டுபிடித்துவிடுகிறார். ஸ்ருதி நரிக்குடிக்குப் போய்விட்டார். அவரிடம் காய்ச்சலோடு வருகிறவர்களுக்கு அங்கே ஸ்கேன் மெஷின் இல்லை; கழற்றுவதற்கு இடுப்பில் வெள்ளியும் இல்லை.

அன்புசால் ஐயா! தங்களுக்கு இனி வரும் காய்ச்சல்கள் எல்லாம் திரையோடு நிற்கட்டும்! அப்படியும் மீறி வந்தால், தங்களைத் தொட்டுப் பார்க்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்! பேரன் பேத்தியரோடு நெடிது வாழ்க!

இங்ஙனம்,
தங்கள் இடுப்பைப் பார்க்கத் துணியாத
பொது மருத்துவத் துறையினர்

பி.கு.: தங்கள் அரைஞாண் ஸ்கேன் அறை மேசையில்தான் இருக்கிறது. இன்னும் யாரும் வந்து வாங்கவில்லை.