வழி சரியா இருக்கா?

உங்கள் ஸ்டேஷன் வாசலில் படிக்குப் பக்கத்திலேயே ஒரு சரிவு போட்டிருக்கிறீர்கள், மேடம். வந்ததும் அதைத்தான் கவனித்தேன். கைப்பிடிகூட இருக்கிறது. இந்த ஊரில் யாரையும் கூப்பிடாமல் நானே ஏறி உள்ளே வந்த வாசல் இது ஒன்றுதான்.

ஊன்றுகோல்களைச் சுவரில் சாய்த்து வைக்க வேண்டாம், வழுக்கி விழும். மடியிலேயே இருக்கட்டும்.

தண்ணீர் லாரி டிரைவர் விஷயமாக வந்தேன். அவரை விட்டுவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன். ஆனால் முதலில் வீட்டைப் பற்றிச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

நான் துணிக் கம்பெனியில் வேலை பார்த்தேன். அடுக்கி வைத்திருந்த பொதி சரிந்து இடுப்பில் விழுந்தது. அதற்குப் பிறகு ஊனமுற்றோர் உதவித்தொகைதான் என் வருமானம். அது மாதாமாதம் வந்துவிடுகிறது, குறை சொல்ல மாட்டேன். அந்தப் பணத்தில் சாப்பிடலாம், மருந்து வாங்கலாம். குடியிருக்கத்தான் முடியாது. எனக்குக் கட்டுப்படியாகிற அறைகள் எல்லாம் மாடிமேல் மாடியில் இருக்கின்றன. தரைத்தளத்தைக் கடைக்கு விட்டால் கூடுதலாக வரும் என்று எல்லா வீட்டுக்காரர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

ஆரம்பத்தில் அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணி கெட்டவள் இல்லை. "கட்டையைக் கொஞ்சம் மெதுவா ஊனக்கூடாதா? கீழ்வீட்டுக்காரங்க மேல வந்து கேக்கறாங்க" என்பாள். மெதுவாக ஊன்றினால் விழுந்துவிடுவேன் என்று விளக்கிப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்தது. இருந்தாலும் மறுநாளும் சொன்னாள். அப்போதுதான் வீடு தேடக் கிளம்பினேன்.

ஒரு தரகர் கிடைத்தார். வாய் ஓயாத மனிதர்.

"லிஃப்ட் வச்ச வீடு ஒண்ணு இருக்குக்கா."

"வாடகை?"

"அதுவும் லிஃப்ட் மாதிரிதான். மேல போச்சுன்னா எறங்காது."

நானும் சிரித்தேன். சிரிக்காதவளுக்குத் தரகர்கள் இரண்டாவது வீட்டைக் காட்டுவதில்லை.

எத்தனையோ வாசல்கள். ஒரு வீட்டுக்கார அம்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை, கால்களைப் பார்த்தே பேசினார். "பாவம்மா நீ. ஆனா பாத்ரூம்ல விழுந்து கிழுந்து வச்சேன்னா நாங்கதானே அலையணும்?" இன்னொருவர், "கவர்ன்மென்ட்டு திடீர்னு நிறுத்திட்டா வாடகைக்கு யாரப் பிடிக்கறது?" என்றார். வேறொருவர் குளியலறையைக் காட்டி, "ஒரே ஒரு படிதானே" என்றார். எல்லோர் வீட்டிலும் ஒரே ஒரு படிதான் மேடம்.

கடைசியாகத்தான் டெலிபோன் அக்காவிடம் கூட்டிப்போனார் தரகர். ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது, இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்பக்கம் சிமெண்ட் முற்றம், முற்றத்தைத் தாண்டிக் குளியலறை. எங்கேயும் ஒரு படிகூட இல்லை. அக்கா வேலையில் சேர்ந்த காலத்திலிருந்தே அங்கே இருந்ததால் வாடகையும் அந்தக் காலத்து வாடகைதான். அதில் பாதியை நான் தர வேண்டும். நான் உள்ளே நுழைந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "இடது கட்டையில ரப்பர் தேஞ்சிருக்கு கண்ணு. மாத்திடு, வழுக்கும்." அதுவரை என் கட்டைகளைப் பார்த்த எவரும் அதைச் சொல்லவில்லை.

அவர் எல்லோரையும் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார். "எனக்கு இல்லாததை ஊர் முழுக்கக் கூப்பிட்டுப் பாக்கறேன், ஒண்ணாவது வரமாட்டேங்குது" என்று அவரே கேலி செய்துகொள்வார்.

நன்றாகத்தான் இருந்தோம். கேஸ் சிலிண்டரை உருட்டுவது, தரையைத் துடைப்பது எல்லாம் அவர். மருந்துச் சீட்டைப் படிப்பது, அரிசியில் கல் பொறுக்குவது நான். வீட்டுக்குள் அவர் தடி எடுப்பதில்லை, எல்லாம் வைத்த இடத்தில் இருக்கும். முற்றம் மட்டும்தான் நம்ப முடியாத இடம். நடுவில் தரைக்குள் தண்ணீர்த் தொட்டி, அதற்கு ஒரு இரும்பு மூடி. வாளி கிடக்கும், துணி கிடக்கும், சில சமயம் என் கட்டையே கிடக்கும். நான் வந்த புதிதில் ஒருமுறை வாளியில் இடறிவிட்டார். அதிலிருந்து எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டாயிற்று. பின்வாசலில் நின்று நிலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு கேட்பார்: "வழி சரியா இருக்கா, கண்ணு?" நான் எங்கிருந்தாலும் எட்டிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வேன். தினமும் அப்படித்தான்.

போன மாதம் அக்கா தன் தம்பி மகள் விஷயத்தைச் சொன்னார்.

"அவளுக்கு இங்க வேலை கெடச்சிருக்கு. தாய் தகப்பன் இல்லாத பொண்ணு. என்னை விட்டா எங்க போகும்?"

"நான் எங்கக்கா போவேன்?"

"உனக்கென்ன, கண்ணு இருக்கு, வாயும் இருக்கு. தேடினா கெடைக்காமலா போயிடும்?"

எனக்குக் கோபம் வரவில்லை. இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். களைப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

மறுபடியும் தேடினேன். அதே தரகர். "போன தடவை சொன்ன மூணாவது மாடி இன்னும் காலியாத்தான் இருக்குக்கா. நீங்கதான் இன்னும் ஏறல" என்றார். அரசாங்க விடுதியில் விசாரித்தேன். குடும்பம் இல்லாதவர்களுக்குத்தான் இடமாம், எனக்கு அண்ணன் இருக்கிறாராம். அண்ணனிடம் போனேன். "நீ தனியாத்தான் நல்லா சமாளிக்கறியே" என்றார். இரண்டு பேரும் சொன்னது சரிதான். நடுவில் நான் நிற்கிற இடம் மட்டும் யாருடைய கணக்கிலும் வரவில்லை.

ஒரு நாள் ஒரு அறையைப் பார்க்கப் படியேறி, பாதியில் விழுந்தேன். எழுந்திருக்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மேலே போகிறவர்கள் சுவரோரமாக ஒதுங்கிப் போனார்கள். ஒருவர் 'எக்ஸ்க்யூஸ் மீ' என்றார். வீட்டுக்கு வந்ததும் அக்கா என் முழங்காலைத் தடவிப் பார்த்து, சரியாகக் காயம் இருந்த இடத்தில் மருந்து போட்டார். அவ்வளவு இதமான கை. அந்தக் கை எனக்கு மருந்து போட்டதே தவிர அறையைத் தரவில்லை. அன்று இரவு அதை நிறைய யோசித்தேன். இரக்கப்படுகிறவர்களுக்கு இடம் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று புரிந்தது.

தம்பி மகள் வருவதாக இருந்த நாள் காலையில் தண்ணீர் லாரி வந்தது. டிரைவர் தொட்டியை நிரப்பிவிட்டுக் குழாயைச் சுருட்டினார்.

"மூடியைப் போட்டுடட்டுமாக்கா?"

"இருக்கட்டும், தண்ணி எவ்வளவு ஏறியிருக்குன்னு பாக்கணும்."

"உங்களால குனிஞ்சு மூட முடியாதேக்கா."

"பக்கத்து வீட்டுல கூப்பிட்டுக்கறேன். நீங்க கெளம்புங்க."

அவர் கேட்டார், நான்தான் வேண்டாம் என்றேன். உங்களிடம் அவர் இதைச் சொல்லியிருப்பார், நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள். உண்மைதான். அந்த நேரத்தில் என் மனதில் ஒன்றுமில்லை. தண்ணீரின் அளவைத்தான் பார்க்க நினைத்தேன். பார்த்தேன். விளிம்புவரை நிறைந்திருந்தது. பின்வாசல் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

பக்கத்து வீட்டில் யாரையும் கூப்பிடவில்லை.

அக்கா தோளில் துண்டோடு வந்தார். முகம் தெளிவாக இருந்தது. "ராத்திரி பூரா தூங்கல கண்ணு. ஒரு யோசனை தோணியிருக்கு. குளிச்சிட்டு வந்து சொல்றேன்" என்றார்.

அது என்ன யோசனை என்று எனக்குத் தெரியாது. வேறு ஏதாவது விடுதியைப் பற்றித்தான் இருக்கும். சாயங்காலம் அந்தப் பெண் வந்து சேர்ந்தாள், கையில் ஒரு மடக்குக் கட்டிலோடு. "காலைல போன் பண்ணி அத்தைதான் வாங்கிட்டு வரச் சொன்னாங்க. எடம் நெருக்கடியா இருக்கும், பகல்ல மடக்கி வச்சுக்கலாம்னாங்க" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். இரண்டு பேருக்கு இரண்டு அறை இருக்கும்போது நெருக்கடி எங்கிருந்து வரும் என்று நான் கேட்கவில்லை. வயதானவர்கள் எதையாவது வாங்கிவரச் சொல்வார்கள். அதற்கெல்லாம் அர்த்தம் தேடிக்கொண்டிருக்க முடியாது.

இப்போது வீட்டுக்காரர் வீட்டைப் பூட்டப் போகிறார். பழைய வாடகை அக்காவோடு போயிற்றாம். அந்தப் பெண்ணைத் தோழி ஒருத்தி கூட்டிப்போய்விட்டாள், அவளுக்குப் படியேறக் கால் இருக்கிறது. டிரைவரின் மனைவி நேற்று என் வாசலில் வந்து உட்கார்ந்து அழுதாள். அவர்களுக்குச் சொந்த வீடு இருக்கிறதாம், ஓடு போட்ட வீடு, தரையோடு தரையாக. வீடு இருக்கிற மனிதரை இங்கே அடைத்து வைத்து என்ன செய்யப்போகிறீர்கள், மேடம்? அந்த இடத்தை இடமில்லாதவர்களுக்குக் கொடுக்கலாமே.

அன்று உங்களிடம் நான் சொன்ன எதுவும் பொய் இல்லை. நான் அவரைத் தள்ளவில்லை, தொடக்கூட இல்லை. இந்தக் கால்களோடு ஓடிப்போய்ப் பிடித்திருக்க முடியாது என்றேன், நீங்களும் தலையாட்டினீர்கள். ஓட வேண்டிய தேவையே இருக்கவில்லை என்பதை மட்டும்தான் சொல்லாமல் விட்டேன். அக்கா அவசரப்படுகிறவர் இல்லை. பதில் வராமல் முற்றத்தில் கால் வைக்கவே மாட்டார். அன்றைக்கும் நிலையில் கையை வைத்துக்கொண்டு, என் பக்கம் காதைத் திருப்பி, கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

"வழி சரியா இருக்கா, கண்ணு?"

தொட்டியை எட்டிப் பார்த்தேன். வழக்கப்படி, பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.

"சரியா இருக்குக்கா. வாங்க."