எஞ்சினுக்குக் கொடுத்த சிவப்புத் தண்ணீர்

ஒக்டோபரில் படகுகளைக் கரையேற்றும் நாளன்று எங்கள் படகுக் கழகத்தில் ஊற்றித் தருகிற கோப்பியைப் போல டென்மார்க்கில் வேறெங்கும் கிடையாது. பதினான்கு வருடமாக அதைக் குடித்திருக்கிறேன். பதினான்கு வருடமும் ஆறின பிறகுதான் குடித்திருக்கிறேன். அது சூடாக இருக்கிற நேரத்தில் நான் என் நண்பன் குலேந்திரனின் படகுக்குள் தலைகீழாக இருப்பேன்.

படகு குலேந்திரனுடையது. எஞ்சின் அதன் வயிற்றுக்குள் இருக்கிறது. அந்த இடத்தை எஞ்சின் அறை என்கிறார்கள். ஒரு கோழிக்கூட்டைப் பாதியாக வெட்டி, அதை இரும்பால் நிரப்பிவிட்டு, மிச்ச இடத்தில் என்னைச் செருகினால் எப்படி இருக்கும், அப்படி. குனியும்போது என் முழங்கால் போடுகிற சத்தம் சுவீடனுக்குக் கேட்கும். குலேந்திரன் மேலே நிற்பான். அவனிடம் படகோட்டும் சான்றிதழ் இருக்கிறது. சான்றிதழ் உள்ளவர்கள் குனிவதில்லை.

வேலை இதுதான். அந்த எஞ்சின் கடல் தண்ணீரை உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். குளிர்காலத்தில் உள்ளே தங்கிய தண்ணீர் உறைந்தால் இரும்பு பிளந்துவிடும். அதனால் படகைக் கரையேற்றியதும், உறையாத திரவத்தை ஒரு வாளியில் வைத்து, குழாயை அதற்குள் விட்டு எஞ்சினை ஓட்ட வேண்டும். திரவம் சிவப்பு. பின்பக்கப் புகைக்குழாயால் சிவப்பாக வந்தால் உள்ளே எல்லா மூலையும் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். வாளியோடு நான் கீழே. ஏணியில் நின்று புகைக்குழாயைப் பார்க்கிற பெரிய உத்தியோகம் குலேந்திரனுக்கு.

"சூசை, சிவப்பு வந்திட்டுது. நிப்பாட்டு."

அந்தக் குரலைக் கேட்டால், சிவப்பு என்ற நிறத்தையே அவன்தான் பெற்று வளர்த்தான் என்று நினைப்பீர்கள்.

எனக்குக் கோபம் இருந்ததாக எழுத வேண்டாம். எரிச்சல் இருந்தது. அது வேறு. போன வருடம் தை மாதம் அவனுடைய மனைவி பரமேஸ்வரி காலமானார். அன்றிலிருந்து எட்டு மாதம், ஒவ்வொரு மத்தியானமும் நான்தான் சோறும் குழம்பும் கொண்டுபோய் அவனோடு இருந்து சாப்பிட்டேன். புரட்டாதியில் ஒரு நாள், என் மீன்குழம்பில் கையை வைத்துக்கொண்டே சொன்னான்.

"மச்சான், சித்திரையோட நான் ஓகூஸ் பட்டணத்துக்குப் போறன். மிதுஷாவுக்குப் பிள்ளை பிறக்கப் போகுது. அப்பா வந்து எங்களோட இருங்கோ எண்டு அறையும் ஒதுக்கிப் போட்டாள்."

மிதுஷா அவனுடைய ஒரே மகள். நான் படகைப் பற்றிக் கேட்டேன்.

"அதிலதான் போறன். தனிய ஓட்டிக்கொண்டு போய் அங்கயே கட்டுவன்."

"அப்ப நான்?"

"நீ ரயிலில வாவன். அரை மணித்தியாலம்தானே."

பதினான்கு வருடம் என் தோலில் பாதி அந்த எஞ்சினில் ஒட்டிக் கிடக்கிறது. எனக்கு ரயில். அது போகட்டும். எழுபத்தொரு வயது மனிதன் தனியே கடலில் போவது நல்லதா? இதை யாராவது ஒருவர் யோசிக்க வேண்டும் அல்லவா. நான் யோசித்தேன்.

ஆவணியில் நடந்த மாதா திருநாளில் மிஞ்சிய ரோஸ் சர்பத் நான்கு போத்தல் எங்கள் வீட்டில் இருந்தது. என் மனைவி அருமைநாயகி அதை யாருக்காவது கொடுக்கச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தாள். நான் கொடுத்தேன். ஒக்டோபரில், வாளித் தண்ணீரில் நான்கையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுத்தேன். நிறம் அச்சொட்டாக அதே நிறம். மேலே இருந்து ஒரேயொரு கேள்விதான் வந்தது.

"சூசை, இதென்ன குளவி வந்து மொய்க்குது?"

"அதுகளுக்கும் குளிரப் போகுதெண்டு பயம்."

சிரித்தான். பிறகு வழமைபோல, "சிவப்பு வந்திட்டுது, நிப்பாட்டு" என்றான். நிறுத்தினேன். அவன் சொல்லை நான் ஒருநாளும் தட்டியதில்லை.

தை மாதம் ஒன்பது நாள் விடாமல் உறைந்தது. பங்குனியில் சுடுதண்ணீர் போத்தலும் பழந்துணியுமாகத் தனியே போய், வழிந்து பிசுபிசுத்ததைத் துடைத்துவிட்டு வந்தேன். வேலையில் அரைகுறை எனக்குப் பிடிக்காது.

சித்திரையில் கழகத்து மெக்கானிக் பென்ட் என்பவன் கைவிளக்கை அடித்துப் பார்த்தான். எஞ்சினில் ஒரு சாண் வெடிப்பு. திரவம் போதாமல் தண்ணீர் தங்கியிருக்கிறது, முந்தி நிறுத்திவிட்டீர்கள் என்று டெனிஷில் சொன்னான். குலேந்திரன் என்னைப் பார்த்தான்.

"நான்தானே நிப்பாட்டச் சொன்னனான்."

"ஓம்," என்றேன். "கொஞ்சம் வெள்ளெனச் சொல்லிப் போட்டாய்."

"சிவப்பு வந்தது, சூசை. கண்ணால பாத்தனான்."

"வெள்ளையாத்தான் வந்தது. எனக்கும் ஒரு ஐமிச்சம் இருந்தது. நீ சொன்னா நான் என்னத்தைக் கதைக்கிறது?"

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு நாள் கழித்து, படகு போனால் போகட்டும், தானும் ரயிலில் போவதாகச் சொல்கிறான். எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரு எஞ்சினையே பிளந்த பிறகும் ஒரு மனிதன் சொல்வழி கேட்கவில்லை என்றால் பொறுமைக்கும் ஒரு அளவு இருக்கிறது.

அவனுடைய மூக்குக்கண்ணாடியை மேசையிலிருந்து எடுத்துக் குளிர்சாதனப் பெட்டிக்குள், தயிருக்குப் பக்கத்தில் வைப்பது பெரிய வேலை அல்ல. மருந்துக் குளிசைப் பெட்டியில் வியாழக்கிழமைக்கு உரியதை வெள்ளிக்கு மாற்றி வைப்பதும் அப்படித்தான். ஒவ்வொரு முறையும் நானே தேடி எடுத்துக் கொடுத்தேன். ஒரு தரமும் ஏசவில்லை.

"எனக்கு மறதி வருதோடா?" என்று ஒரு மத்தியானம் கேட்டான்.

"வயசுக்குச் சகஜம்தான். எண்டாலும் பச்சைப் பிள்ளை இருக்கிற வீடு. அடுப்பை நூக்க மறந்தியெண்டா?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

வைகாசியில் பிள்ளை பிறந்தது. பெண். மிதுஷா எனக்குத் தொலைபேசி எடுத்து அழுதாள். "மாமா, அப்பா வரமாட்டாராம். பிள்ளையைக் கையில தூக்கவே பயமா இருக்காம். நீங்கள் பக்கத்தில இருக்கிறதுதான் எங்களுக்கு நிம்மதி." நான் ஆறுதல் சொன்னேன். அவனுக்கு ஒதுக்கிய அறையில் இப்போது உடுப்புக் காயப்போடுகிறார்களாம்.

ஓம், செய்தவன் நான்தான். சர்பத்தும் நான், கண்ணாடியும் நான், குளிசையும் நான். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் எழுதிக்கொள்ளும்போது இதையும் எழுதிக்கொள்ளுங்கள். போன கிழமை அவன் தன் வீட்டுப் பூட்டின் திறப்பை என் கையில் தந்துவிட்டான், தொலைத்துவிடுவானாம். பேத்தியின் பெயரைக்கூட என்னிடம்தான் கேட்டுக்கொள்கிறான். இவ்வளவு மறதியுள்ள மனிதனைத் தனியே ஓகூஸுக்கு அனுப்ப எந்த நண்பனுக்கு மனம் வரும்?