காதரின் அரிசி மூட்டை

செங்கல்பட்டில் மகாபலிபுரம் பஸ்ஸுக்காக வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு கார் மெக்கானிக்குகள். வழுக்கைத் தலைக்காரர் திடீரென்று, "எதிர் ஷெட்டு காதரு ரேஸ் காருல அரிசி மூட்டைய உக்கார வெச்சிகினு கீறான்" என்றார்.

"இன்னாத்துக்கு அண்ணாத்த?" என்று கேட்டார் ஒல்லியானவர்.

"அவன் முதலாளிதான் ஓட்றாரு. அவரு உக்காந்தா வண்டி எவ்ளோ எறங்குமோ, அதுக்கு மூட்டையாம். அப்பறம்தான் முன்னால இவ்ளோ, பின்னால இவ்ளோன்னு தரையிலேந்து உசரம் அளந்து ஸ்பிரிங்க சரி பண்றான்."

"நீ எப்படி அளப்ப?"

"காலி வண்டிலதான். இத்தினி வருசமா அப்படித்தான்."

"அதான் போன ரேஸ்ல உன் வண்டி திருப்பத்துல தரைய தேச்சிச்சா?"

"அது ரோடு மேடு."

"காதரு வண்டியும் அந்த ரோட்லதான ஓடிச்சி. உங்க முதலாளி வேற நல்ல கனம்."

வழுக்கைக்காரர் பஸ் வரும் திசையையே பார்த்தார். "ரேஸ்ல ஜெயிச்சதுக்கு அவனுக்கு மாலை போட்டாங்க. போட்டோ புட்ச்சாங்க. ஒரு மூட்டைக்கு இவ்ளோ பவுசு."

பஸ் வந்தது. அவர்களுக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தேன். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் வழுக்கைக்காரர் ஒல்லியானவர் பக்கம் சாய்ந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"எங்க முதலாளி எடைக்கு ஒரு மூட்டை பத்துமா?"

"ஒண்ணரையாவது வேணும். சந்தையில அரிசி வாங்கிக்க."

"அரிசி வேணாம். திரும்பி வர்றப்ப கடற்கரை மணல அள்ளிகினு போலாம். அரிசி வெச்சா காதரப் பாத்து செஞ்சேன்னுவானுங்க."